பின்னப் போறோம், லீவு குடுங்க

நிட்டிங் டூர்னு ஒண்ணு உலகத்துல இருக்கு, தெரியுமா மக்களே? பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து, ஆளுக்கு ரெண்டு ஊசி, நாலு உருண்டை நூல் பையில போட்டுக்கிட்டு ஏதாவது ஒரு ஊருக்குப் போறது. காலையில ஒருத்தர் வகுப்பு எடுப்பார். மத்தியானம் ஊர் சுத்தல். சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்து பின்னிக்கிட்டே அரட்டை. அவ்ளோதான் டூர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துன்னு ஒரு தீவுக் கூட்டம். அங்க 2010-ல 'கம்பளி வாரம்'னு ஒரு திருவிழா ஆரம்பிச்சாங்க. செப்டம்பர் கடைசியில எங்கெங்கயோ இருந்தெல்லாம் ஜனங்க ஃப்ளைட்டும் கப்பலும் ஏறி அங்க போய் இறங்குறாங்க. எதுக்கு? ஸ்வெட்டர் பின்ன!

இதை எங்க ஆபீஸ் கேன்டீன்ல சொன்னப்போ ஒருத்தன் சாம்பார் சாதம் புரையேறுற அளவுக்குச் சிரிச்சான். "ஒரகடத்துல மே மாசம் ரோட்டுல ஆம்லெட் போடலாம். இதுல உனக்கு ஸ்வெட்டர் டூரா?" நல்ல கேள்விதான். ஆனா என் கட்சி என்னன்னா, நம்ம ஆளுங்க போற டூர் வகைகள்லயே இது ஒண்ணுதான் உருப்படி. ஒரு கண்டிஷன் இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவே. பொறுமையா வர்றேன்.

முதல்ல வழக்கமான டூரை எடுத்துக்கோங்க. டெம்போ டிராவலர். வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குக் கெளம்பணும்னு சொல்லி 11:40-க்குக் கெளம்புவோம். சனிக்கிழமை ஒரே நாள்ல ஒம்போது பாயின்ட். ஒவ்வொரு பாயின்ட்லயும் இருபது நிமிஷம், அதுல பதினஞ்சு நிமிஷம் போட்டோ. ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வந்து, திங்கக்கிழமை ஸ்டாண்டப் மீட்டிங்ல கண்ணு சொருகும். கூட வந்தவங்க கிட்ட என்ன பேசினோம்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வராது. "சாப்பாடு எப்போ, பாத்ரூம் எங்க", இது ரெண்டைத் தவிர.

கையில ஒரு வேலை இருந்தா கதையே வேற. கை ஓடிக்கிட்டிருக்கும், வாய் சும்மா இருக்கும், கண்ணு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியைப் பாக்க வேண்டிய கட்டாயமும் இல்ல. அதனாலயே ஜனங்க பேசுவாங்க. எங்க பாட்டிங்க முறத்தை மடியில வெச்சுக்கிட்டு அரிசியில கல் பொறுக்கின மாதிரி. மொபைல் எடுக்கவும் முடியாது, கை ரெண்டும் பிஸி. நான் பொட்டி தட்டுறவ. ஒரு ஃபேக்டரியில லைன்ல ஓடுற மெஷின்ங்க கிட்ட இருந்து டேட்டா வாங்கி டாஷ்போர்டுல பச்சை, சிவப்புன்னு காட்டுற சாஃப்ட்வேருக்கு ஆணி புடுங்குறேன். நாள் பூரா வேலை பாத்தாலும் சாயங்காலம் கையில எடுத்துக் காட்ட ஒண்ணும் இருக்காது. பின்னினா நாலு இஞ்ச் துணியாவது இருக்கும்.

அடுத்து, "நிட்டிங் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு"ங்கிற பார்ட்டிகளுக்கு. அய்யா, நீங்க போட்டிருக்கிற பனியனே பின்னின துணிதான். நெய்ததில்ல. திருப்பூரோட மொத்தப் பொழைப்பும் நிட்டிங்தான், என்ன, அங்க மெஷின் பின்னுது. கையால பின்னுறதுன்னா ஒயர் கூடையை மறந்துடாதீங்க. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட்டுன்னு நம்ம அம்மாக்கள் திண்ணையில உக்காந்து போட்டதெல்லாம் என்னவாம்? அதுவும் கும்பலா உக்காந்துதான் போட்டாங்க. யாரும் அதுக்கு ஒர்க்‌ஷாப்புன்னு பேர் வைக்கல, அவ்வளவுதான்.

இன்னும் பின்னாடி போனா நாகர்கோவில். 1820-கள்ல மார்த்தா மால்ட்டுன்னு ஒரு மிஷனரியம்மா அங்க பெண் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்தாங்க. திண்டு மேல ஊசிகளைக் குத்தி, குட்டிக் கட்டைகள்ல நூலைச் சுத்தி, மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற வகை. அவங்க மகள் எலைசாதான் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இடையன்குடிக்குப் போய், அந்தத் தேரிமணல் பூமியில இதையே கொண்டு போய் வெச்சாங்க. கால்டுவெல்லோட ஒப்பிலக்கணத்தைப் பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு. அந்தம்மா லேஸைப் பத்தி யாராவது எழுதுங்கப்பா.

சமீபத்துக் கதை வேணுமா? 2016 ஜனவரி 31. சென்னை. சுபஸ்ரீ நடராஜன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச 'மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்' குழு, பல ஊர்ல இருந்து பின்னி அனுப்பின துண்டுகளை எல்லாம் இணைச்சு உலகத்துலயே பெரிய க்ரோஷே போர்வைன்னு கின்னஸ்ல ஏறினாங்க. 11,148 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் ஏக்கர் போர்வை! வேர்க்குற ஊர்லதான் நடந்துச்சு, கேன்டீன்காரரே.

நிட்டிங்கும் க்ரோஷேவும் ஒண்ணான்னு கேட்டா, இல்ல. நிட்டிங்ல ரெண்டு ஊசி. ஒரு வரிசையில இருக்கிற அத்தனை கண்ணியும் ஊசியில உயிரோட தொங்கிட்டு இருக்கும், ஊசி வழுக்கினா மொத்தமும் அவுந்துடும். க்ரோஷேல ஒரே ஒரு கொக்கி ஊசி, எந்த நேரத்துலயும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோட இருக்கும். மத்ததெல்லாம் கமிட் ஆயிடும், ஹிஹி. பஸ் வந்துடுச்சா, அந்த ஒரு கண்ணியை இழுத்துப் பெருசாக்கி அப்படியே பையில திணிச்சுக்கிட்டு ஓடலாம். ஷிப்ட் பஸ்ஸுக்காகவே கண்டுபிடிச்ச கலை மாதிரி இருக்கும். இன்னொரு விசேஷம், நிட்டிங்கை மெஷின் போடுது, நிஜமான க்ரோஷேவைப் பெரும்பாலும் இன்னும் கையாலதான் போடுறாங்க. ஆட்டோமேஷன்ல பொழைப்பு நடத்துற எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

எனக்கு க்ரோஷே கத்துக் குடுத்தது யூடியூபும் இல்ல, கின்னஸ் அம்மாக்களும் இல்ல. நான் குடியிருக்கிறது சுங்குவார்சத்திரத்துல. மாடி போர்ஷன்ல எட்டு பொண்ணுங்க, வேற வேற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்ல லைன் வேலை. அதுல ஒருத்தி தென்காசிப் பக்கம், இருபத்தொரு வயசு. அவ விரல் ஓடுற வேகத்தைப் பாத்தா நமக்கு மூச்சு வாங்கும். மொட்டை மாடியில துணி காயப் போடப் போன நான், "அக்கா, உக்காருங்க, ஒரு சங்கிலி போட்டுப் பாருங்க"ன்னு அவ சொன்னதுல மாட்டிக்கிட்டேன். மெல்ல மெல்ல மாடிப் பொண்ணுங்க அஞ்சு பேரு, தெருவுல என்னை மாதிரி ஆபீஸ் வேலைக்குப் போறவங்க நாலு பேருன்னு ஒம்போது பேர் ஆயிட்டோம். அப்பதான் எவளோ ஷெட்லாந்து வீடியோவைப் பாத்துட்டு, "நாமளும் போவோமாக்கா?"ன்னு கேட்டா. ஷெட்லாந்து நமக்குக் கட்டுப்படியாகாது. குளிர்ற ஊர்னா ஊட்டி. மூணு நாள். முடிவு பண்ணிட்டோம்.

டூர் நல்லாருந்துச்சா? பிரமாதம். குறிப்பா அந்த ரயில். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். பல்சக்கரத்தைக் கவ்விக்கிட்டுக் கடகடன்னு ஏறும். எங்க பெட்டியில இருந்த ஒரு குடும்பம் "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்"னு புலம்பிக்கிட்டே வந்துச்சு. எங்களுக்கோ குன்னூர் வந்ததும் "அதுக்குள்ளயா?"ன்னு ஆயிடுச்சு. ஒருத்தி முழுசா ஒரு குழந்தைத் தொப்பியை முடிச்சுட்டா. ஊட்டியில ஒரு ரிடையர்டு டீச்சரம்மா வீட்டு வராண்டாவுல ரெண்டு ஊசிப் பாடம். மெயின் ரோட்டுல வரிசையா விக்கிற ஸ்வெட்டர் பெரும்பாலும் லூதியானா மெஷின் சரக்குன்னு அவங்கதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

அடுத்த நாள் தோடர் பூத்தையல். 2013-ல புவிசார் குறியீடு வாங்கினது. வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். துணி மேல பென்சில் கோடு கெடையாது, அச்சு கெடையாது. நெசவு இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறாங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுத்த அம்மா வலது கையால தைச்சுக்கிட்டே எங்க தப்பை எல்லாம் இடது கையால சுட்டிக் காட்டினாங்க. நான் ரெண்டு மணி நேரத்துல மூணு இஞ்ச் தைச்சேன், அதுலயும் ரெண்டு இடத்துல எண்ணிக்கை பிசகல். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் ஆகும்னு அப்ப தானா மண்டைக்குள்ள கணக்கு ஓடுச்சு. அதுக்கப்புறம் கடையில போய் விலையைக் குறைச்சுக் கேக்க வாய் வரல. இந்த மாதிரி டூரால ஆகுற பெரிய நன்மை இதுதான்னு நெனைக்கிறேன். உழைப்பு என்ன விலைன்னு விரலுக்குத் தெரிஞ்சுடுது.

சுத்திப் பாக்குற ஐட்டத்தைக் கம்மி பண்ணியிருக்கலாம். தொட்டபெட்டாவுல பனிமூட்டத்தைத் தவிர ஒண்ணும் தெரியல, பார்க்கிங்ல முக்கால் மணி நேரம் போச்சு. விடுங்க.

இப்ப அந்தக் கண்டிஷனுக்கு வர்றேன். ஒம்போது பேர் திட்டம் போட்டோம்னு சொன்னேன்ல? போனது அஞ்சு பேர். ஆபீஸ்காரிங்க நாலு பேரும் போனோம். நாங்க ஆப்ல ரெண்டு தட்டு தட்டினோம், மேனேஜர் ஒரு தட்டு தட்டினார், லீவு ஓகே. மாடிப் பொண்ணுங்க அஞ்சு பேர்ல ஒருத்திதான் வந்தா. அவளும் ஏன் வந்தான்னா, அதுக்கு முந்தின வாரம்தான் அவ கான்ட்ராக்ட் முடிஞ்சு வேலை போயிருந்துச்சு. வேலை போனவளுக்குத்தான் லீவு கெடைக்குது, எப்படி இருக்கு நம்ம காரிடார்!

எனக்குக் கத்துக் குடுத்த தென்காசிக்காரி வரல. வார லீவு அவளுக்கு ஞாயித்துக்கிழமை இல்ல, ஷிப்டுக்கு ஷிப்டு மாறும். சேர்ந்தாப்ல ரெண்டு நாள் கேட்டா, லைன் லீடர் "ஆளைக் குடுத்துட்டுப் போ"ங்கிறாராம். லீவு போட்டா அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் போனஸும் காலி. டூர் செலவே அவ சம்பளத்துல முக்கால் மாசம். நாங்க பணம் போடறோம்னு சொன்னோம். "பணம் இல்லக்கா, நாளு"ன்னா. ஆக, கத்துக் குடுத்தவளை விட்டுட்டு, அவ கத்துக் குடுத்ததை எடுத்துக்கிட்டு நாங்க ஊட்டிக்கு 'ஒர்க்‌ஷாப்' போனோம்.

சட்டத்துல இடம் இல்லாம இல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே, வருஷத்துல 240 நாள் வேலை பாத்தவங்களுக்கு, 20 நாளைக்கு ஒரு நாள்ங்கிற கணக்குல சம்பளத்தோட லீவு உண்டு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புல அந்த 240-ஐ 180 ஆக்கியிருக்காங்க. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினோரு மாசத்துல கான்ட்ராக்டை முடிச்சு, ரெண்டு வாரம் கழிச்சுப் புது ஆளா எடுக்குற இடத்துல எந்த லீவு சேரும்? சேர்ந்தாலும் எந்த நாள்ல எடுக்கலாம்ங்கிறது யார் கையில இருக்கு? 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற சட்டத் திருத்தத்தை நம்ம சட்டசபையில நிறைவேத்தி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப ஆதரிச்சவங்க சொன்ன வாதம், "நாலு நாள் வேலை பாத்தா மூணு நாள் லீவு". மூணு நாள் லீவு கேக்க இனிப்பாத்தான் இருக்கு. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவ அந்த மூணு நாள்ல முதல் நாள் தூங்குவா, ரெண்டாவது நாள் துணி துவைப்பா, மூணாவது நாள் ஊருக்குப் பஸ் பிடிச்சா போய்ச் சேரவே சாயங்காலம் ஆகும்.

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 706 கோடி சொச்சம் செலவுல பெரிய விடுதி திறந்தாங்க. 18,720 பேர் தங்கலாம். நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுறேன். ஒரு வீட்டுல பத்து பேர் ஒரு பாத்ரூமுக்கு வரிசையில நிக்கிறதை மாடியில தினமும் பாக்குறவ நான். ஆனா தூங்க இடம் குடுத்தா மட்டும் போதுமா? அந்தப் பதினெட்டாயிரம் பேர்ல ஊசி பிடிக்கத் தெரிஞ்சவ எத்தனை பேரு, பாடத் தெரிஞ்சவ எத்தனை பேரு? யாருக்குத் தெரியும்.

இந்த இடத்துல ரெண்டு எதிர்ப்பு வரும். ஒண்ணு, "அந்தப் பொண்ணுங்களுக்குத் தேவை தூக்கம், நீ ஏன் பின்னல் டூர்னு மேல்தட்டு ஆசையைத் திணிக்கிற?" இதை நான் தென்காசிக்காரி கிட்டயே கேட்டேன். "ரெண்டு நாள் குடுத்தா ஒரு நாள் தூங்குவேன், ஒரு நாள் வருவேன். ஒரு நாள் குடுத்தா தூங்குவேன்"னா. அவ ரெண்டு நாளும் தூங்கினாலும் எனக்குச் சம்மதம்தான். நாள் அவ கையில இருக்கணும்.

ரெண்டாவது எதிர்ப்பு வராது, கம்பெனிகள்ல இருந்து ஆதரவாதான் வரும், அதான் பயம். "அட, பொண்ணுங்க இவ்ளோ அழகாப் பின்றாங்களா? விடுதியில ஓய்வு நேரத்துல பின்னட்டும், நாம ஸ்டால் போட்டு விப்போம், மகளிர் மேம்பாடு!" வேண்டாம் சாமி. ஆந்திராவுல கோதாவரிக் கரையில நரசாபூர்னு ஒரு ஊர். க்ரோஷே லேஸுக்குப் பேர் போனது. மரியா மீஸ்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பத்தி 1982-ல ஒரு புத்தகமே போட்டாங்க. அதோட சாரம் என்ன தெரியுமா? வீட்டுல உக்காந்து நாள் பூரா ஏற்றுமதிக்குப் பின்ற பொண்ணுங்களை 'ஓய்வு நேரத்துல பின்ற குடும்பப் பெண்கள்'னு சொல்லியே அடிமாட்டுக் கூலி குடுத்தாங்க. ஓய்வுங்கிற வார்த்தையே கூலியைக் குறைக்கிற ஆயுதம் ஆயிடுச்சு. அவ்வளவு ஏன், எல்லாரும் கொண்டாடுற அந்த ஷெட்லாந்துலயே, பின்னின பொண்ணுங்களுக்குக் காசு குடுக்காம கடைக்காரங்க டீத்தூளும் துணியும் குடுத்து ஏமாத்துறாங்கன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் விசாரணை வெச்சு 1872-ல அறிக்கை வந்திருக்கு. டூர் போறவங்க எத்தனை பேர் இதைப் படிச்சிருப்பாங்களோ. பின்னல் வேலைன்னா கூலி குடு. ஓய்வுன்னா அதுல கை வைக்காத. ரெண்டையும் கலக்காத.

சரி, குறை சொல்லிட்டே இருந்தா ஆச்சா, என்னதான் பண்ணலாம்னு கேப்பீங்க. எங்க மாடிக் கமிட்டி யோசிச்சது இது. ஊட்டி எல்லாம் வேண்டாம். பக்கத்துலயே காஞ்சிபுரம். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரு மணி நேரம். ஒரே நாள் டூர். காலையில பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீடு. கோர்வைன்னு ஒரு முறை இருக்கு, உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூணு. ஒருத்தரால தனியா ஓட்ட முடியாது, பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து கரை நாடாவைத் தள்ளணும். அந்த ரெண்டு பேருக்கு நடுவுல ஓடுற தாளத்தை லைன் வேலை பாக்குற பொண்ணுங்க பாத்தா உடனே புரிஞ்சுக்குவாங்கன்னு தோணுது, எங்க பிளான்ட்ல டாக்ட் டைம்னு நாங்க நாப்பது ஸ்லைடு போட்டுச் சொல்றது அதுதான். நெசவாளருக்கு அன்னிக்குத் தறி நின்னதுக்கான கூலியைக் குடுக்கணும், போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லக் கூடாது. மத்தியானம் சாப்பாடு. அப்புறம் கைலாசநாதர் கோயில் புல்தரையில உக்காந்து பின்னல். ராஜசிம்மன் கட்டி 1,300 வருஷம் ஆச்சு, கூட்டமே இருக்காது. ஏழு மணிக்கெல்லாம் வீடு.

இதுக்குத் தேவை ஒரு வேன், கொஞ்சம் நூல், அப்புறம் ஒரே கிழமையில எட்டு பேருக்கு வார லீவு. முதல் ரெண்டும் ரெடி. மூணாவதுக்கு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தேதியை எழுதி, நாலு கம்பெனி எச்.ஆர்.களுக்கும் ஒரே மாதிரி மனு குடுத்திருக்காங்க. தென்காசிக்காரிதான் டிராஃப்ட் போட்டா. நான் எழுத்துப் பிழை மட்டும் பாத்தேன், ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. இதுவரைக்கும் ஒரு கம்பெனி சரின்னுடுச்சு, ஒரு கம்பெனி 'பாக்கலாம்', ரெண்டு கம்பெனி பதிலே இல்ல. உங்கள்ல யாராவது இந்த ஏரியாவுல எச்.ஆர்.ல குப்பை கொட்டுறீங்கன்னா, அந்த மனு உங்க டேபிள்ல இருக்கலாம். கொஞ்சம் தேடிப் பாருங்க.

டிஸ்கி: "ஆம்பளைங்க வரலாமா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு. பெரு நாட்டுல டக்கீலேன்னு ஒரு தீவு, அங்க தொப்பி பின்றதே ஆம்பளைங்கதான். யுனெஸ்கோவே 2005-ல அங்கீகாரம் குடுத்திருக்கு. தாராளமா வாங்க. 3.5 எம்.எம். கொக்கி ஊசி நாங்களே தர்றோம். சாப்பாட்டுக் காசு உங்களுது.